வயிற்று ஆணையமும் ஒரு சஹன் சோறும்

தன் வயிற்றுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாஹிம் அதுவரை யோசித்ததே இல்லை. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில், தானும் மனைவி பைறோஸாவும் குடியிருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த குடியிருப்பு. அரசாங்கத் திணைக்களமொன்றில் எழுதுவினைஞர். உடம்பு கொஞ்சம் தாராளம். அவருடைய சட்டையின் நடுப் பொத்தான் எந்நேரமும் ஏதோ சொல்ல வந்து மரியாதைக்காக அடக்கிக்கொண்டது போல இருக்கும். பைறோஸாவோ நேர்மாறு. காற்றடிக்கிற நாளில் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போனால் அவளுக்கும் சேர்த்துக் கிளிப் போட வேண்டும் என்று பாஹிம் கேலி செய்வார்.

கலியாண நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள். தட்டு என்றால் சஹன். முஸ்லிம் கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து கை போட்டுச் சாப்பிடும் பெரிய தாலம். அவர்களுடைய கலியாணத்துக்காக மாளிகாவத்தையில் வாடகைக்கு எடுத்த சஹன்களில் ஒன்று, திருப்பிக் கொடுக்கும்போது எப்படியோ பெண் வீட்டுச் சாமான்களோடு கலந்து இவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதைப் படைத்தவன் அனுப்பிய குறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் வல்லாரைச் சம்பல், ஒரு பக்கம் இறைச்சி. பைறோஸா இறைச்சியைக் கணவன் பக்கம் தள்ளுவாள். அவர் அதைத் தெரியாதவர் போல அவள் பக்கம் திருப்பித் தள்ளுவார். சோறு முடியும்போது இறைச்சி நடுவில் அநாதையாக நிற்கும். கடைசியில் பாஹிம்தான் இரக்கப்பட்டு அதற்கொரு வழி செய்வார்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் ஆணையம் கால் வைத்தது.

அதன் முழுப் பெயர் தேசிய குடல்வாழ் நுண்ணுயிர்ப் பன்மை ஆணையம். சனங்கள் வயிற்று ஆணையம் என்றார்கள். மனிதக் குடலில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன, அவற்றில் பல வகை இருப்பது நல்லது, வகை குறைந்தவர்களிடம் பருமனும் சீனி வருத்தமும் கூடுதலாகக் காணப்படுகின்றன, தொடர்பு இருக்கலாம், இன்னும் ஆராய வேண்டும் என்று உலகமெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆணையம் இவை எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ‘இருக்கலாம்’ என்பதையும் ‘இன்னும் ஆராய வேண்டும்’ என்பதையும் மட்டும், சுற்றறிக்கை மூன்று மொழியிலும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் நின்றது எளிமையான விதி. பல வகை உள்ளவர் மெலிந்தவர். சில வகை உள்ளவர் பருத்தவர். அரச ஊழியர் எல்லாரும் தங்கள் மாதிரியையும் வாழ்க்கைத் துணையின் மாதிரியையும் சிறு போத்தல்களில் ஒப்படைக்க வேண்டும். வகை குறைவானவர்கள் குடல் தேறும்வரை தூரத்து அம்பாந்தோட்டைக்கு மாற்றப்படுவார்கள். ஏன் அம்பாந்தோட்டை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது.

பாஹிம் இரண்டு போத்தல்களையும் பேப்பரில் சுற்றி, சாப்பாட்டுப் பார்சல் போலக் காட்டிக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். சில கிழமைக்குப் பிறகு விசாரணைக்கு வரும்படி அழைப்பு வந்தது. பைறோஸாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆணையம் கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய உயர்ந்த கட்டடமொன்றின் உச்சியில் இருந்தது. லிப்ட் வாசலில் நின்ற காவலாளி பாஹிமின் நடுப் பொத்தானை ஒரு தரம் பார்த்துவிட்டு, பன்மைச் சான்றிதழ் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். அதை எடுக்கத்தான் மேலே போகிறேன் என்றார் பாஹிம். சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் படிக்கட்டு என்றான் அவன். பைறோஸாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவளை லிப்ட்டுக்குள் ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை. இரண்டு பேரும் படியில் ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ‘உங்கள் குடல், நாட்டின் செல்வம்’ என்று எழுதியிருந்தது. பாஹிம் அதில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார்.

உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவர் பேராசிரியர் இராஜநாயகமும் அங்கத்தவர்களும் இருந்தார்கள். மேசையில் பெட்டிஸும் கேக்கும் பால் தேநீரும் இருந்தன. அங்கத்தவர்களின் வயிறு மேசையை எட்டிப் பிடித்திருந்தது. தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்ற உயர்ந்த தத்துவத்தின்படி அவர்கள் யாரும் பரிசோதிக்கப்படுவதில்லை.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. இரண்டு போத்தலிலும் ஒரே பற்றீரியா. ஒரே வகைகள், ஒரே அளவு, அதுவும் நாட்டிலேயே மிகச் சிறந்த பன்மை. ஆகவே பாஹிம் தன் மனைவியின் மாதிரியை இரண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறார்.

பாஹிம் இல்லை என்று தலையாட்டினார். இரண்டாம் மாதிரி அங்கேயே, அதிகாரியின் கண்காணிப்பில் எடுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கண்காணிக்க வந்தவன் ரெனால்ட். கொட்டாஞ்சேனைப் பையன், கழுத்தில் சிலுவை, ஒட்டிய கன்னம். கழிவறைக் கதவுக்கு வெளியே கையில் அரக்கும் முத்திரையுமாக நின்றுகொண்டு, அடிக்கடி மெல்லத் தட்டி, “ஹாஜியார், அவசரமில்ல. ஆறுதலா இருங்கோ” என்று தைரியம் சொன்னான். ஹஜ்ஜுக்கு இன்னும் போகாத பாஹிம், இந்த நிலையில் அதைத் திருத்தவில்லை.

இரண்டாம் மாதிரியும் அதையே சொன்னது. இம்முறை அறையில் கோபமில்லை. பயம் இருந்தது. ஒரே பற்றீரியா, ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி. இதை யாராவது வெளியில் சொன்னால் கட்டடத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

பேராசிரியர் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“மிஸ்டர் பாஹிம், இது ஒரு விஞ்ஞான நிறுவனம். எங்கட முடிவு ஒருநாளும் பிழைக்காது. பிழைச்சால், பிழை முடிவில இல்லை, ஆளில. உங்கட உடம்பு வெளியால ஒரு கதை சொல்லுது, குடல் உள்ளால வேற கதை சொல்லுது. ரெண்டில எதை நம்புறது? நாங்கள் குடல் ஆணையம். உடம்பை நம்பினால் எங்களுக்கு இங்க என்ன வேலை?”

பாஹிம் தயங்கித் தயங்கி உதவி செய்யப் பார்த்தார்.

“சேர், நான் பின்னேரம் கந்தோர் விட்டு வரக்குள்ள பம்பலப்பிட்டியில எறங்கி ரெண்டு ரோல்ஸ், ஒரு பெட்டிஸ், சீனி கூட்டின டீ ஒண்டு எடுக்கிற. ஒவ்வொரு நாளும் எடுக்கிற. அதாலயும் ஈக்கலாம்.”

“எத்தினை தரம் சொன்னன்” என்று பைறோஸா மெல்ல முணுமுணுத்தாள்.

பேராசிரியர் கையை உயர்த்தினார். “சாப்பாடு எங்கட விடயமில்லை. அதுக்கு வேற அமைச்சு இருக்கு. நாங்கள் சாப்பாட்டில தலையிட்டால், அவை குடலில தலையிடுவினம்.”

அங்கத்தவர் ஒருவர் பெட்டிஸைக் கீழே வைத்துவிட்டு இதை மிகவும் ஆமோதித்தார்.

பிறகுதான் சஹன் விஷயம் வெளியே வந்தது. எப்படி இப்படி ஒரே மாதிரி ஆயிற்று என்று கேட்டபோது, ஒரே தட்டில் சாப்பிடுவதால் இருக்கும் என்று பைறோஸா வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியானால் வழி இருக்கிறது. இரண்டு குடலையும் பிரித்துவிட வேண்டும். பிரிந்தால், பருத்த உடம்புக்குப் பருத்த குடலும் மெலிந்த உடம்புக்கு மெலிந்த குடலும் தாமாக வந்துசேரும். அன்றே குடல் பிரிப்பு ஆணை பிறந்தது. ஒரு மாதம் தனித்தனித் தட்டு. ரெனால்ட் இராச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து பார்வையிடுவான். மாத முடிவிலும் குடல் பிரியாவிட்டால், பாஹிம் அம்பாந்தோட்டைக்குப் போக வேண்டும். பைறோஸா வெள்ளவத்தையில் இருக்க வேண்டும். தூரம் குடலைப் பிரிக்கும் என்றார் பேராசிரியர். எல்லாவற்றையும் பிரிக்கும் என்று பாஹிம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரெனால்ட் வந்தான். சஹனைத் துணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றினான். சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே பலகையொன்றை நிறுத்தினான். பிறகு அறிவுறுத்தல்களை வாசித்தான். தட்டு, கோப்பை, துவாய் எல்லாம் வேறு வேறு. அடுத்த வரிக்கு வந்ததும் அவன் காது சிவந்தது. கணவன் மனைவிக்கிடையில் நேரடித் தொடர்பு தவிர்க்கப்பட வேண்டும்.

“நேரடித் தொடர்பென்டா எனத்த தம்பி?” என்று பைறோஸா கேட்டாள்.

“அது இணைப்பு மூண்டில இருக்கு அக்கா.”

“அதையும் வாசிங்களேன்.”

“அது வரேல்ல அக்கா. அச்சடிக்கேக்க விடுபட்டுப் போச்சு.”

பாஹிம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனித் தட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சோற்றின் எந்தப் பக்கம் தன்னுடையது என்று விளங்கவில்லை. எல்லாப் பக்கமும் தன்னுடையதாக இருந்தது. இறைச்சித் துண்டைப் பழக்கத்தில் விரலால் தள்ளினார். அது தட்டின் விளிம்பில் முட்டி நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் பைறோஸாவின் வளையல் சத்தம் கேட்டது. சாப்பிடுகிற சத்தம் கேட்கவில்லை.

முதல் கிழமையிலேயே அவள் பாதிச் சோற்றோடு எழும்பத் தொடங்கினாள். இவர் வீட்டில் குறைத்த சோற்றுக்குப் பம்பலப்பிட்டியில் ரோல்ஸைக் கூட்டினார். இவர் பெருத்தார், அவள் வற்றினாள். ரெனால்ட் இரண்டு பேரின் எடையையும் எடுத்துப் போய்க் கொடுத்தபோது ஆணையம் பூரித்துப்போனது. ஆணை வேலை செய்கிறது என்று பேராசிரியர் கூட்டமொன்றில் பேசினார்.

அவள் கை கழுவும்போது வளையல் முழங்கைவரை வழுக்கிப் போவதைப் பாஹிம் ஒருநாள் கண்டார்.

“நான் அம்பாந்தோட்டைக்கே போறன் பைறோ. நான் போனாத்தான் ஒனக்கு இந்தக் கூத்தில்லாம சோறு எறங்கும்” என்றார்.

“நீங்க போனா நான் யாருக்கு எறச்சியத் தள்ளுற?” என்று கேட்டுவிட்டு அவள் பீங்கானைக் கழுவப் போய்விட்டாள்.

வழியை ரெனால்ட்தான் காட்டினான். காட்டுகிறோம் என்று தெரியாமல் காட்டினான். பார்வையிடும் அதிகாரி அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் எடுக்கக் கூடாது என்பது விதி. கொட்டாஞ்சேனையில் அறையொன்றில் தனியாக இருந்து, கடைப் பாணும் பருப்பும் சாப்பிடுகிறவனுக்கு, பிஞ்சுப் பலாக்காய்ப் பொலஸ் கறியின் முன்னால் கைகட்டி இருப்பது பெரிய சோதனைதான். ஆனாலும் சோறு பரிமாறிய இடத்தில் செபம் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. வளர்த்த வளர்ப்பு அப்படி. தான் சாப்பிடாவிட்டாலும், பாஹிம் பிஸ்மி சொல்லும்போது இவன் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை இறுக மூடி, ஆசீர்வாதம் கேட்டு முடித்துவிட்டுத்தான் கண் திறப்பான்.

ஒருநாள் அவன் கண்ணை மூடிய நேரத்தில், பலகைக்கு மேலால் ஒரு கை வந்தது. வல்லாரைச் சம்பல் பிசைந்த ஒரு கவளம் பாஹிமின் வாய்க்குள் போனது. கை மறைந்தது. ரெனால்ட் கண்ணைத் திறந்தபோது ஹாஜியாரின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. தட்டில் சோறு தொடப்படாமல் இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பைறோஸா மிகவும் அடக்கமாகத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெனால்ட் கொஞ்ச நேரம் உப்பிய கன்னத்தைப் பார்த்தான். பிறகு அன்றைய அறிக்கையில் ‘நிலைமை திருப்தி’ என்று எழுதினான்.

மறுநாள் செபம் சற்று நீண்டது. காலஞ்சென்ற தாய் தகப்பனையும் சேர்த்துக்கொண்டான். இந்தத் தடவை இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை போனது, இறைச்சித் துண்டோடு. அதற்கடுத்த நாள் உத்தரிக்கிற ஆன்மாக்கள் எல்லாருக்காகவும் மன்றாடினான். பிறகு கொட்டாஞ்சேனைக் கோவில்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி. பிறகு துறைமுகத் தொழிலாளர், கடலில் உள்ளவர்கள், வத்தளைப் பக்கம் வெள்ளத்தில் தவிப்பவர்கள். கடைசியில் ஆணையத்தின் தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் நல்ல புத்தி வேண்டி. மாத முடிவில் சாப்பாட்டைவிடச் செபம் நீளமாகிவிட்டது. அவன் ஆமென் சொல்லும்போது இரண்டு தட்டும் காலியாக இருக்கும். பைறோஸாவின் கன்னத்தில் மறுபடியும் கொஞ்சம் சதை தெரிந்தது.

“உங்கட மார்க்கத்துல சோத்துக்கு நல்ல மரியாத தம்பி” என்றாள் அவள் ஒருநாள்.

“ஓம் அக்கா. அவசரப்பட்டுச் சொன்னா பலிக்காது” என்றான் ரெனால்ட்.

இறுதி விசாரணைக்கும் படிக்கட்டுத்தான். இம்முறை அங்கத்தவர்கள் கேக்கைத் தொடவில்லை. முடிவு முன்னாலேயே வந்திருந்தது. குடல்கள் பிரியவில்லை. முன்னரைவிட நெருக்கமாகியிருந்தன. ஆனால் ஆணையம் அறிக்கையை அனுப்பியாயிற்று, பேராசிரியர் கூட்டத்தில் பேசியாயிற்று, பத்திரிகையில் படமும் வந்தாயிற்று. இனி முடிவு பிழையாக முடியாது.

பெட்டிஸ் அங்கத்தவர் ஒரு யோசனை சொன்னார். பாஹிம் மெலிந்தவர் என்று பதிவு செய்துவிட்டால் என்ன? பாஹிம் உடனே சம்மதித்தார். ஆனால் பதிவோடு புகைப்படமும் ஒட்ட வேண்டியிருந்தது. புகைப்படம் சட்டத்துக்குள் அடங்கவில்லை. குடலைப் போல உடம்பும் ஒன்றாகட்டும், பைறோஸா பருத்தவள் என்று பதிவு செய்யலாம் என்றார் இன்னொருவர். “பதிஞ்சா நான் தெனமும் இங்க வந்து குந்திக்கொண்டு ஈப்பன்” என்றாள் அவள். அந்த யோசனை பதிவிலிருந்து நீக்கப்பட்டது.

திடீரென்று பேராசிரியரின் முகம் மலர்ந்தது. பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

“நாங்கள் இவ்வளவு நாளும் உடம்புகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறம். அதுதான் தவறு. மனிசன் எண்டால் என்ன? குடல். உடம்பு அதின்ர உறை. இங்க உறை ரெண்டு, குடல் ஒண்டு. ஆகவே ஆள் ஒண்டு. ரெண்டு உறையின்ர எடையையும் கூட்டி ரெண்டால பிரியுங்கோ.”

செயலாளர் பிரித்துப் பார்த்தார். மிகச் சரியான, ஆரோக்கியமான எடை வந்தது. அங்கத்தவர்கள் கைதட்டினார்கள். விதி காப்பாற்றப்பட்டது. சிறந்த பன்மை, சிறந்த எடை. பாஹிம்-பைறோஸா என்ற பெயரில், ஒரே நபருக்கு, ஒரே சான்றிதழ் அந்த இடத்திலேயே கையெழுத்தானது.

பாஹிம் சிரித்துக்கொண்டே அதை வாங்கக் கை நீட்டும்போது செயலாளர் இன்னொரு கடதாசியை எடுத்தார். குடல் பிரிப்பு ஆணை நிறைவேறாததால், முன்னர் தீர்மானித்தபடி எழுதுவினைஞர் பாஹிம் வரும் திங்கள் முதல் அம்பாந்தோட்டைக்கு மாற்றப்படுகிறார். அது அச்சடித்து ஆயத்தமாக இருந்தது. அச்சடித்ததை வீணாக்க முடியாது.

பாஹிமின் கை அந்தரத்தில் நின்றது. பைறோஸா எழும்பி, மேசையிலிருந்த சான்றிதழைத் தானே எடுத்துக்கொண்டாள்.

“சேர், இதுல ஒராள்தானே போட்டீக்கி?”

“ஓம், ஒராள்.”

“அந்த ஆள்ட பாதிய எப்புடி அம்பாந்தோட்டைக்கு மாத்துற? மாத்துறென்டா முழு ஆளையும் மாத்துங்க.”

செயலாளர் விதிக்கோவையைப் புரட்டினார். முழு ஆளை மாற்ற வேண்டுமானால் முழு ஆளும் அரச ஊழியராக இருக்க வேண்டும். இந்த ஆளின் ஒரு பாதி வீட்டில் சமைக்கிறது. பாதி ஆளை மாற்றுவதற்கு ஏற்பாடே இல்லை. ஆளைத் திரும்ப இரண்டாக்கலாமா என்று பெட்டிஸ் அங்கத்தவர் மெல்லக் கேட்டார். பேராசிரியர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் திரும்பவும் பெட்டிஸை எடுத்துக்கொண்டார்.

“ஏற்பாடு இல்லாத எதையும் இந்த ஆணையம் செய்யாது” என்று பேராசிரியர் கம்பீரமாக அறிவித்து, இடமாற்றக் கடதாசியைத் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தார்.

திரும்பும்போது லிப்ட்டில் இறங்கினார்கள். கீழே கதவு திறந்ததும் காவலாளி சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்தான். இதற்கு ஒருவர்தான் லிப்ட்டில் வரலாம் என்றான். ஒருவர்தான் வருகிறோம் என்றார் பாஹிம். இருவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள்.

அன்று மஃரிபுக்குப் பிறகு ரெனால்ட் கடைசித் தடவையாக வந்தான். பலகையைக் கழற்றினான். அலுமாரிக்கு மேலிருந்து சஹனை இறக்கி, தான் வைத்த முத்திரையைத் தானே உடைத்தான். கையொப்பம் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவனைப் பைறோஸா விடவில்லை.

“இண்டைக்கி நீங்க கடமையில இல்லதானே? கை கழுவிட்டு வாங்க.”

அவன் பாஹிமைப் பார்த்தான். பாஹிம் அரக்கி உட்கார்ந்து இடம் விட்டார். சஹனில் சோறு கொட்டப்பட்டது. பொலஸ், வல்லாரை, இறைச்சி. ரெனால்ட் சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடினான். கணவனும் மனைவியும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்கள். தூக்கிய கை இறங்குமுன் அவன் ஆமென் சொல்லிவிட்டான். பசி அப்படி.

அதற்குப் பிறகு பல நாள் அவன் அந்தப் பக்கம் வந்துபோனான். அடுத்த சுற்றுப் பரிசோதனையில் அதிகாரிகளையும் சோதித்தபோது, அவனுடைய போத்தலிலும் அதே பற்றீரியா இருந்தது, அவனும் அந்தச் சான்றிதழில் போய்ச் சேர்ந்துகொண்டான். ஆணையம் கலங்கவில்லை. இப்போது அதற்கு முன்மாதிரி இருந்தது.

ஆகவே பதிவுகளின்படி வெள்ளவத்தையில் அந்த இரண்டாம் மாடியில் ஒரே ஒருவர்தான் வசிக்கிறார். நல்ல ஆரோக்கியம், அளவான எடை. கொட்டாஞ்சேனையிலும் அவருக்கு ஓர் அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறார். அவருடைய சஹனில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.